பென்சீன் விதிக்கு ஆன 9 ஆண்டுகள்



வேதியியல் வகுப்பில் கரும்பலகையில் நான் வரைந்த அறுகோணம் நினைவிருக்கும். அதுதான் பென்சீன். ரப்பரையும் பசையையும் நன்றாகக் கரைக்கும். எலும்பு மஜ்ஜையைத் தாக்கி இரத்தப் புற்றுநோயும் தரும். பாடப்புத்தகத்தில் இல்லாத அதன் வரலாறு ஒன்றைச் சொல்கிறேன்.

பென்சீனுக்கு முற்றிலும் பாதுகாப்பான அளவு பூஜ்ஜியம்தான் என்று அமெரிக்க பெட்ரோலிய நிறுவனங்களின் சங்கமே 1948-ல் அறிக்கை வெளியிட்டது. ஆலைகளில் அது தொடர்ந்து புழங்கியது. ஒஹையோ மாநிலத்தில் ரப்பர் படலம் தயாரித்த தொழிலாளர்களிடையே இரத்தப் புற்றுநோய்ச் சாவு 5 மடங்கு என்று 1977-ல் ஓர் ஆய்வு காட்டியது.

அடுத்த ஆண்டே அரசு, பணியிடக் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 10 பங்கு என்றிருந்த வரம்பை 1 ஆகக் குறைத்தது. பெட்ரோலியத் துறை வழக்குப் போட்டது. 10 பங்கில் கணிசமான ஆபத்து உண்டு என்று அரசு நிறுவவில்லை எனச் சொல்லி, 1980-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் விதியை ரத்து செய்தது. அதே 1 பங்கு வரம்பு மீண்டும் வந்தது 1987-ல்.

எண் மாறவில்லை. அந்த 9 ஆண்டும் தொழிலாளிக்குச் சட்டம் தந்த காவல் பழைய 10 பங்குதான்.

சான்று கேள் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். சான்று வரும்வரை யாருடைய மூச்சைப் பணயம் வைக்கிறோம் என்றும் கேளுங்கள். நம் ஊர் பெட்ரோலிலும் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். பங்கில் நாம் நிற்பது ஐந்து நிமிடம். பெட்ரோல் போடும் பிள்ளை நிற்பது நாள் முழுதும்.