கொரியாவுக்குப் போன ஓரிகன் விவசாயி

தமிழ் பைபிளில் பவுலின் நிருபங்களை வாசித்தவர்களுக்கு 'புத்திர சுவிகாரம்' என்ற சொல் கண்ணில் பட்டிருக்கும். ரோமர் 8-ஆம் அதிகாரத்தில் வரும். கடவுள் மனிதர்களைத் தம் பிள்ளைகளாகத் தத்தெடுத்துக்கொள்கிறார் என்பது பவுல் சொல்லும் விஷயம். இது ஒரு உருவகம்தான். ஆனா ஒரு குடும்பம் இதை உருவகமா எடுத்துக்காம அப்படியே செய்ய ஆரம்பிச்சா என்ன ஆகும்? அமெரிக்காவில் 1955-ல் ஒரு தம்பதி அதைச் செய்தார்கள். இன்றைக்கு நாம் பார்க்கும் நாடு விட்டு நாடு தத்தெடுக்கும் முறையின் பெரும்பகுதி அந்த ஒரு வீட்டில் தொடங்கியது என்று சொன்னால் அது மிகை இல்லை.

ஹாரி ஹோல்ட், பெர்தா ஹோல்ட். ஓரிகன் மாநிலத்தில் கிரெஸ்வெல் என்ற சின்ன ஊர். ஹாரி விவசாயி, மர வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்தவர். 1950-ல் மாரடைப்பு வந்து பிழைத்தவர். பெர்தா நர்ஸ் வேலைக்குப் படித்தவர். இருவருக்கும் வயது ஐம்பது, ஆறு பிள்ளைகள். மாரடைப்பிலிருந்து தப்பியதே கடவுள் தனக்கு ஏதோ வேலை வைத்திருப்பதால்தான் என்று ஹாரி நம்பினார். என்ன வேலை என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

1954 டிசம்பரில் யூஜீன் நகரத்துக்கு பாப் பியர்ஸ் வந்தார். வேர்ல்ட் விஷன் அமைப்பை ஆரம்பித்தவர் இவர். கொரியப் போர் முடிந்து ஒன்றரை வருஷம்கூட ஆகாத சமயம். அநாதை விடுதிகளில் எடுத்த படங்களைத் திரையில் போட்டுக் காட்டினார். அதில் ஒரு பகுதி அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகளைப் பற்றியது. அந்தக் குழந்தைகளைக் கொரியச் சமூகம் ஏற்கவில்லை. ரத்தம், வம்சம், தகப்பன் பெயர் எல்லாமே குடும்பப் பதிவேட்டில் ஏறும் நாடு அது. தகப்பன் இல்லாத, முகத்திலேயே வேறுபாடு தெரிகிற குழந்தைக்கு அதில் இடம் கிடையாது. சிங்மன் ரீயின் அரசாங்கமும் இவர்களை நாட்டை விட்டு அனுப்பிவிடுவதே நல்லது என்றுதான் நினைத்தது. இதை மறந்துடக் கூடாது. அந்தப் பக்கம் ஒரு அரசு கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னுச்சு.

ஹோல்ட் தம்பதி முதலில் செய்தது எல்லாரும் செய்வதைத்தான்: பணம் அனுப்பினார்கள். ஆனால் மனசு ஆறவில்லை. சில வாரங்கள் கழித்துப் பேசியபோது எட்டுக் குழந்தைகளைக் கொண்டு வருவது என்று முடிவானது. எட்டு!

சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1953-ஆம் வருஷத்து அகதிகள் நிவாரணச் சட்டப்படி ஒரு தம்பதி இரண்டு அநாதைக் குழந்தைகளைத்தான் கொண்டு வரலாம். நம்ம ஆளா இருந்தா 'சரி, ரெண்டு போதும்'னு விட்டிருப்போம். ஹாரி பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கொரியாவுக்குக் கிளம்பிவிட்டார். பெர்தா வீட்டில் இருந்தபடி, அமெரிக்கக் காங்கிரஸ் தனிச் சட்டம் போட வேண்டும் என்று நண்பர்களைக் கொண்டு கடிதம் எழுத வைத்தார். ஓரிகன் செனட்டர் ரிச்சர்ட் நியூபெர்கர் மசோதாவைக் கொண்டு வந்தார். அந்தக் கோடையிலேயே நிறைவேறியது. ஒரே ஒரு குடும்பத்துக்காக ஒரு சட்டம்.

போகிற வழியில் டோக்கியோவில் ஒரு ராத்திரி. இதை பெர்தா தன் புத்தகத்தில் சொல்கிறார். செய்வது சரியா தப்பா என்ற பயத்தில் ஹாரி ஜெபம் செய்துவிட்டு பைபிளைக் கண் போன பக்கத்தில் திறந்தாராம். ஏசாயா 43-ஆம் அதிகாரம் வந்ததாம். சிதறிப்போன பிள்ளைகளைத் தூர தேசங்களிலிருந்து கடவுள் திரும்பச் சேர்ப்பார் என்று சொல்கிற இடம். தமிழ் பைபிளில் 'சந்ததி' என்று இருக்கும் இடத்தில் பழைய ஆங்கில பைபிளில் 'விதை' என்ற சொல் இருக்கிறது. 'கிழக்கிலிருந்து வந்த விதை' என்ற பொருளில்தான் பெர்தா 1956-ல் தன் புத்தகத்துக்குத் தலைப்பு வைத்தார்.

எனக்கு இந்தக் காட்சிதான் முக்கியமாகப் படுகிறது. ஏசாயாவின் அந்த வரிகள் சிறைப்பட்டுப் போன இஸ்ரவேலர் தங்கள் சொந்த வீட்டுக்குத் திரும்புவதைப் பற்றியவை. ஹாரி செய்யப்போனது குழந்தைகளைப் பிறந்த மண்ணிலிருந்து எடுத்துச் செல்வதை. அவருக்கு இதில் முரண் தெரியவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு வீடு என்பது கொரியா இல்லை, கிரெஸ்வெல்தான் என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்.

1955 அக்டோபரில் பன்னிரண்டு குழந்தைகளோடு விமானம் போர்ட்லாந்தில் இறங்கியது. எட்டு ஹோல்ட் வீட்டுக்கு, நான்கு மற்ற குடும்பங்களுக்கு. பத்திரிகைகள் சும்மா இருக்குமா? நாடு முழுக்கச் செய்தி. 'எங்களுக்கும் ஒரு குழந்தை வேணும்' என்று கடிதங்கள் குவிந்தன. 1956-ல் ஹோல்ட் தத்தெடுப்பு அமைப்பு உருவானது. அந்த வருஷமே மகள் மாலி, அவரும் நர்ஸ்தான், கொரியாவுக்குப் போனார்.

சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது. குழந்தை கேட்பவர்களிடம் ஹாரி முதலில் கேட்டது: நீங்கள் மறுபடியும் பிறந்த கிறிஸ்தவர்தானா? அமெரிக்கச் சமூக நல ஊழியர்கள் பதறினார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டாமா, குழந்தை வந்தபிறகு கொஞ்ச காலம் கண்காணிக்க வேண்டாமா என்று கேட்டார்கள். ஹாரியின் பதில் எளிமையானது: நீங்கள் பாரம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது அங்கே குழந்தைகள் சாகின்றன. அது பொய் இல்லை. போருக்குப் பிந்தைய விடுதிகளில் குழந்தைகள் செத்துக்கொண்டுதான் இருந்தன.

அதனால் அவர் பதிலாள் முறையைப் பெருமளவில் பயன்படுத்தினார். அமெரிக்கத் தம்பதிக்குப் பதிலாக அவர்களுடைய அதிகாரம் பெற்றவர் கொரியாவிலேயே தத்து நடவடிக்கையை முடித்துவிடுவார். குழந்தை அமெரிக்காவில் இறங்கும்போதே சட்டப்படி அவர்கள் பிள்ளை. பெற்றோர் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். மாநில அதிகாரி யாரும் கேள்வி கேட்க முடியாது. 1961-ல் சட்டத்தைத் திருத்தித்தான் இதற்கு முட்டுக்கட்டை போட்டார்கள்.

அந்த 1956-ல்தான் இங்கே இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் வந்தது. பெயரே சொல்கிறது, அதில் கிறிஸ்தவர்களுக்கு இடமில்லை. இந்தியாவில் ஒரு கிறிஸ்தவத் தம்பதி ஒரு குழந்தையை எடுத்தால் 1890-ஆம் வருஷத்துச் சட்டப்படி பாதுகாவலர் ஆகலாம், அவ்வளவுதான். பெற்றோர் ஆக முடியாது. 2000-க்குப் பிறகு இளைஞர் நீதிச் சட்டம் வந்துதான் வழி பிறந்தது. பவுலின் அந்தச் சொல் தமிழில் அச்சாகிக் கிடந்தது, சட்டத்தில்தான் இல்லை.

மறுபடி கொரியாவுக்கு. வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் குழந்தை 'அநாதை' ஆக வேண்டும். அதற்கு ஒரு தனிப் பதிவேடு போட்டார்கள். ஒரு குடும்பத்தின் பதிவேடுதான், ஆனால் அதில் ஒரே ஒரு ஆள், அந்தக் குழந்தை. அம்மா உயிரோடு பக்கத்து ஊரில் இருந்தாலும் காகிதத்தில் இல்லை. பிற்காலத்தில் வந்த சிக்கல்களில் பல இந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியவை. கலப்பினக் குழந்தைகள் குறைந்தபிறகு ஏழைகளின் குழந்தைகள், பிறகு கல்யாணமாகாத பெண்களின் குழந்தைகள் போனார்கள். 1985-ல் மட்டும் 8,800-க்கு மேல். மொத்தம் கிட்டத்தட்ட 2 லட்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு குடும்பத்தின் ஜெபத்தில் தொடங்கியது, நாட்டின் சமூகநலச் செலவை மிச்சப்படுத்தும் ஏற்பாடாக மாறிவிட்டது. ஹாரி இதை நினைத்திருக்க மாட்டார். ஆனால் அவசரம்தான் தர்மம், விசாரணை தேவையில்லை என்ற பழக்கத்தை ஆரம்பித்து வைத்ததில் அவருக்குப் பங்கு இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதே சமயம் அவரை வெறும் வில்லனாக்கவும் மனம் வரவில்லை. பலவீனமான இதயத்தோடு திரும்பத் திரும்பக் கொரியாவுக்குப் போய், 1964-ல் அங்கேயே இறந்தார். சோலுக்குப் பக்கத்தில் இல்சான் என்ற இடத்தில், யாரும் தத்தெடுக்காத ஊனமுற்ற குழந்தைகளுக்காக அவர் கட்டிய இல்லத்தில் புதைத்தார்கள். பெர்தா 2000-ல், 96 வயதில் இறந்தபோது அவரையும் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். மாலி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த இல்லத்துப் பிள்ளைகளோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்து 2019-ல் காலமானார். நம்பிக்கையைக் காட்டிப் பணம் பண்ணுகிறவர்கள் வாழ்கிற வாழ்க்கை இல்லை இது.

2025 மார்ச்சில் தென் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தன் விசாரணை முடிவை அறிவித்தது. புகார் கொடுத்திருந்தவர்கள் 367 பேர். முதற்கட்டமாக 56 பேரை மனித உரிமை மீறலுக்கு ஆளானவர்கள் என்று ஏற்றுக்கொண்டது. பெற்றோர் இருந்தும் அநாதை என்று எழுதியது, ஒரு குழந்தையின் பெயரில் இன்னொரு குழந்தையை அனுப்பியது எல்லாம் அதில் வருகிறது. அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் ஆணையம் பரிந்துரைத்தது.

தத்துப் போனவர்கள் இன்று நடுவயதிலும் முதுமையிலும் இருக்கிறார்கள். பலர் டிஎன்ஏ பரிசோதனை செய்துகொண்டு அம்மாவைத் தேடுகிறார்கள். கொரியாவுக்கு வருகிறவர்களில் சிலர் இல்சானுக்கும் போய் ஹாரி, பெர்தா கல்லறையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பூ வைக்கிறவர்களும் உண்டு, வைக்க மாட்டேன் என்பவர்களும் உண்டு.