மெழுகில் நிற்கும் நாதம்

தஞ்சாவூர் வீணையின் வாழ்க்கை பலாத்தோப்பில் தொடங்குகிறது. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் வைரம் பாய்ந்த பலாவுக்கு ஆசாரிகளிடம் தனி மதிப்பு உண்டு. கரையான் எளிதில் அண்டாத மரம். உலர்ந்தபின் தட்டினால் நாதம் எழும். அறுத்த கட்டையில் ஈரம் வற்றும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் பின்னாளில் வீணையின் நீண்ட கழுத்தான தண்டி வளைந்து சுருதி கெடும்.

பிறகு உளி இறங்குகிறது. ஒலி திரளும் குடத்தின் உட்புறத்தைக் குடையும்போது சுவர் கனமாக நின்றுவிட்டால் ஒலி அமுங்கும். மெலிந்துபோனால் விரிசல் காணும். குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் தனித்தனியே செய்து பொருத்தினால் அது ஒட்டு வீணை. மூன்றையும் ஒரே மரத்தில் கடைந்தால் ஏகாண்ட வீணை. குடத்தின் ஓரத்தில் ஒருகாலத்தில் யானைத் தந்தம் இழைத்தார்கள். இன்று அங்கே பிளாஸ்டிக் பூவேலை.

இத்தனை வேலை முடிந்தும் அது மரமாகத்தான் இருக்கிறது. அதை வீணையாக்குவது மெழுகு. தேன்மெழுகில் கரி கலந்து, தண்டியின் இருபுறமும் வரப்பாகக் கட்டி, அதன்மேல் 24 வெண்கலக் குறுக்குக் கட்டைகளை, அதாவது மெட்டுகளை, பதிக்கிறார்கள். ஒவ்வொரு மெட்டும் காதின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டே தன் இடத்தில் அமர்கிறது. மயிரிழை விலகினாலும் சுரம் பிசகும்.

ஸ்தாயிக்கு 12 சுரஸ்தானங்கள், இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டுகள். இந்த அமைப்பு தஞ்சையில் 17ஆம் நூற்றாண்டில், மன்னர் ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றது. அதற்குமுன் ராகத்துக்கு ஏற்ப மெட்டுகளை மாற்றி வைக்கும் வீணைகளும் புழங்கின. மெட்டுகள் அசையாமல் நின்றதும் எல்லா ராகங்களும் ஒரே வீணையில் குடியேறின. ரகுநாதரின் அமைச்சர் கோவிந்த தீட்சிதருடைய மகன் வேங்கடமகிதான் பின்னர் 72 மேளங்களின், அதாவது தாய் ராகங்களின், திட்டத்தை வகுத்தார்.

மெட்டு அசையாது, ஆனால் தந்தி அசையும். ஒரே மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அடுத்தடுத்த சுரங்களை வைணிகர், அதாவது வீணை வாசிப்பவர், தொட்டு வருகிறார். சுரத்தை அசைத்து அழகூட்டும் கமகம் பிறப்பது இந்த இழுப்பில்தான். முத்துசுவாமி தீட்சிதர் வைணிகர் என்பதை, இந்த இழுப்புக்கு இடம் தரும் அவருடைய கீர்த்தனைகளின் நிதான நடையே சொல்லும். வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது, பெரிய வித்வான்களும் வந்து அமர்ந்து கேட்டார்கள்.

வாசிக்க வாசிக்க மெட்டு தேயும்; வெயிலிலும் காலத்திலும் மெழுகு இளகும், இறுகும், வெடிக்கும். அப்போது வீணை மீண்டும் ஆசாரியின் கைக்குப் போகிறது. பழைய மெழுகை எடுத்துவிட்டு, மெட்டுகளைச் சீராக்கி, புதிய மெழுகில் மீண்டும் பதித்துத் தருகிறார். பாட்டி வாசித்த வீணையைப் பேத்தி வாசிப்பது இப்படித்தான் கூடிவருகிறது.

தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமை மட்டும் வீணையைக் காக்காது. மரத்தைக் குடையப் பலர் பழகலாம். மெட்டை அதன் இடத்தில் நிறுத்தும் காது ஆண்டுக்கணக்கான உழைப்பில் வருவது. அந்தக் காதுக்கு உரிய கூலியும் மரியாதையும் கிடைத்தால்தான் இளையவர்கள் இத்தொழிலுக்கு வருவார்கள். வீணை வாங்குகிறவர்கள் விலை பேசும்போது இதை நினைக்க வேண்டும்.