கப்பல் ஏட்டில் இருக்கும் நம் முன்னோர்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

ஆடி அமாவாசையன்று விருத்தாசலம் மணிமுத்தாற்றங்கரையில் தர்ப்பணம் கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஐயர் அப்பா பெயர் கேட்பார், சொல்லிவிடுவார்கள். தாத்தா பெயரும் வந்துவிடும். கொள்ளுத்தாத்தா பெயர் கேட்டதும் பலர் பக்கத்தில் நிற்கும் பெரியப்பாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு மூன்றாவது தலைமுறையோடு பெயர்கள் நின்றுவிடுகின்றன.

ஆனால் கடல் கடந்து கூலியாகப் போனவரின் பேரப்பிள்ளைகள் நிலை வேறு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தால், 150 ஆண்டுகளுக்கு முன் கப்பலேறிய மூதாதையின் பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் இருந்த தழும்பு வரை கண்டுபிடிக்க முடிகிறது. ஊரிலேயே இருந்த நமக்கு இல்லாத ஏடு, ஊரைவிட்டுப் போனவருக்கு இருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் துறைமுகத்தைச் சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு வேலை என்பது ஒப்பந்தம். 1911 வரை 384 கப்பல்களில் 1,52,184 பேர் நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். நம் பழைய தென்னாற்காடு மாவட்டமும், வட ஆற்காடும், செங்கல்பட்டும் நிறையப் பேரை அனுப்பின. இன்றைக்கும் டர்பனில் படையாச்சி, பிள்ளை, நாயக்கர் என்பவை குடும்பப் பெயர்களாக இருக்கின்றன.

கப்பலில் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பதிவு செய்தார்கள். அன்பினால் எழுதிய ஏடு அல்ல அது. ஆள் ஓடிவிட்டால் பிடிப்பதற்கும், எந்த முதலாளியிடம் வேலை செய்கிறான் என்று கணக்கு வைப்பதற்கும் எழுதியது. தழும்பைக் குறித்ததும் அடையாளம் கண்டுபிடிக்கத்தான்.

அப்படிப்பட்ட ஏட்டைக் குடும்பச் சொத்தாக மாற்றியவர்கள் யார்? நான் இன்று நன்றி சொல்ல நினைப்பது அவர்களுக்குத்தான்.

நேட்டாலின் கப்பல் ஏடுகளைக் கணினியில் ஏற்றும் வேலையை டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ஜாய் பிரெயின் முன்னின்று செய்தார். பேராசிரியர் சுரேந்திர பானா அந்த ஏடுகளில் 1902 வரையிலான 95,382 பேரின் விவரங்களை ஆராய்ந்து 1991இல் நூலாக்கினார். மங்கிய மையில் எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பதிவது எவ்வளவு அலுப்பான வேலை என்று, தேர்வு மதிப்பெண் பட்டியல் எழுதிய ஆசிரியர்களுக்குத் தெரியும்.

பிஜித் தீவில் பிறந்த பிரிஜ் லால் அவர்களும் அப்படித்தான். ஒப்பந்தக் கூலியாகப் போனவரின் பேரன். கல்கத்தா வழியாகப் பிஜிக்குப் போன 45,439 பேரின் குடியேற்றச் சீட்டுகளையும் ஆராய்ந்து, 1983இல் 'கிர்மிட்டியாஸ்' என்ற நூலை எழுதினார். சென்னையிலிருந்து நம் ஆட்கள் பிஜிக்குப் போகத் தொடங்கியது 1903இல். லால் 2021 டிசம்பரில் காலமானார்.

எனக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றுபவர் டிரினிடாட் தீவைச் சேர்ந்த ஷம்ஷு தீன். அவர் நம்மைப்போல் பள்ளி ஆசிரியர், பாடம் புவியியல். முதலில் தன் மூதாதை முன்ராதின் என்பவரின் பெயரைப் பழைய பதிவேட்டில் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு மற்றவர்களுக்கும் தேடிக் கொடுக்க ஆரம்பித்து, அதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். அந்நாட்டின் பிரதமராக இருந்த கம்லா பிரசாத் பிசேசர் 2012இல் பீகாரின் பேலுப்பூர் கிராமத்துக்குத் தன் முன்னோர் ஊர் என்று வந்தார் அல்லவா? அந்த ஊரைக் கண்டறிய உதவியவரும் இவரே.

இந்த வேலையில் பெரிய இடைஞ்சல் பெயர்தான். முனுசாமி 'மூன்சாமி' ஆனார், முதலியார் 'மூட்லி' ஆனார். பிரெஞ்சுக்காரர்களின் குவாதலூப் தீவில் சிதம்பரம் 'சிதம்பரோம்' ஆனது. 1863இல் அத்தீவில் பிறந்த ஹென்றி சிதம்பரோம், இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு 1904இல் தொடங்கிய வழக்கை 1923 வரை நடத்தி வென்றவர். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகத்தான் நம் பக்கத்து ஆட்கள் அங்கே போனார்கள். அவரவர் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது.

பெயர்ச் சிக்கலுக்கு யூத மக்கள் ஒரு வழி கண்டார்கள். ஹிட்லர் காலத்தில் அவர்களில் 60 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். ஊர் ஊராக அழிந்ததால், தாத்தா பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் ஒரு பெரியவர் கூட இல்லாமல் போன குடும்பங்கள் ஏராளம். ஒரே பெயரை ரஷ்ய அலுவலர் ஒருவிதமாகவும் போலந்து அலுவலர் வேறுவிதமாகவும் எழுதியிருப்பார். அதனால் ராண்டி டைட்ச், கேரி மோகோட்டாஃப் என்ற இருவர் 1985இல், எழுத்து மாறினாலும் ஒலி ஒத்த பெயர்களை ஒன்றாகத் தேடும் முறையை உருவாக்கினார்கள். 1987இல் சூசன் கிங் என்ற பெண்மணி தொடங்கிய 'ஜூயிஷ்ஜென்' அமைப்பில், சம்பளம் வாங்காத தொண்டர்கள் கல்லறை எழுத்துகளையும் ஊர்ப் பதிவேடுகளையும் படித்துப் பதிந்துவருகிறார்கள். அவர்களுடைய பன்னாட்டுச் சங்கம் ஆண்டு மாநாட்டில் இப்படிப்பட்ட தொண்டர்களையும் ஆய்வாளர்களையும் மேடையேற்றி விருது கொடுக்கிறது. ஏடு படித்தவருக்கு மாலை போடும் அந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம்மிடம் அது இன்னும் வரவில்லை.

சரி, நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பாதி வேலை நம் கையில்தான் இருக்கிறது.

கப்பல் ஏடு அவர்களை ஊர் எல்லை வரை கொண்டுவந்து விட்டுவிடும். அதற்கு மேல் வழிகாட்ட ஊரில் ஆள் வேண்டும். ஏட்டில் 'தென்னாற்காடு, விருத்தாசலம் தாலுகா' என்று இருக்கும். இன்றைய வரைபடத்தில் தென்னாற்காடே கிடையாது. 1993இல் மாவட்டம் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. நம் பெண்ணாடம் இப்போது திட்டக்குடி வட்டம். கிராமப் பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் எப்படிக் காதில் வாங்கினாரோ அப்படி எழுதியிருப்பார். இன்ன பெயர் இன்ன ஊர் என்று சொல்ல, பழைய பெயர்கள் தெரிந்த பெரியவர்களால்தான் முடியும். வெளிநாடுவாழ் இந்தியர் அட்டைக்கு விண்ணப்பிப்பவர்கள் மூதாதை இந்தியாவில் பிறந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டியிருப்பதால், இது வெறும் ஆசைக்காகத் தேடுவதும் அல்ல.

நம் பக்கத்து ஏடுகளோ கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. 1980இல் மணியம், கர்ணம் பதவிகள் ஒழிந்தன. அதற்கு முன் ஊர்ப் பிறப்பு இறப்புக் கணக்கு அவர்கள் கையில் இருந்தது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலும் தகப்பனார் பெயரும் ஊரும் உண்டு. ஆனால் அதிலுள்ள பிறந்த தேதியை அப்படியே நம்ப வேண்டாம். தேதி தெரியாத பிள்ளைக்கு மே, ஜூன் மாதத்தில் ஒரு நாளை எழுதிச் சேர்ப்பது அந்தக் கால வழக்கம். பாதி ஊருக்குப் பிறந்தநாள் ஜூன் மாதத்தில் வருவது அதனால்தான்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கப்பல் ஏட்டில் பெண்ணுக்கும் தனி எண், தனிப் பெயர், வயது, ஊர் உண்டு. நம் வீடுகளில் வம்சம் சொல்லும்போது ஆண்கள் பெயராகவே வரும். கொள்ளுப்பாட்டி 'இன்னார் சம்சாரம்' என்பதோடு நின்றுவிடுவாள். கூலிக் கணக்கு எழுதிய வெள்ளைக்காரன் குறித்துவைத்த பெயரைப் பெற்ற பிள்ளைகள் நாம் மறந்துவிடலாமா?

ஆகவே ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். நான்கு தலைமுறைப் பெயர்கள், பெண்கள் பெயரும் சேர்த்து, பிறந்த ஊர், பெண் எடுத்த ஊர், பெண் கொடுத்த ஊர், குலதெய்வம் எல்லாம் எழுதுங்கள். "கப்பலுக்குப் போனவர் யாராவது உண்டா?" என்று கேளுங்கள். 'போனவர் திரும்பவே இல்லை' என்ற ஒரு வரிதான் கிடைத்தாலும் அதையும் எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் கீழே குறியுங்கள். பேரப்பிள்ளைகள் கைபேசியில் பதிவு செய்தால் இன்னும் நல்லது.

டர்பனிலிருந்தோ மொரீசியஸிலிருந்தோ ஒருவர் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நம்மூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கினால், அவருக்குக் காட்ட அந்த நோட்டு நம் வீட்டில் இருக்கட்டும். தள்ளிப் போடாதீர்கள். நோட்டும் பேனாவும் கடையில் எப்போதும் கிடைக்கும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
பெண்ணாடம்