ஒரே பெயருக்குள் பல மக்கள்: அமெரிக்க ஹிஸ்பானிக் சமூகங்களில் அல்சைமர் ஆய்வு வளர்ந்த வரலாறு

1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. ஏப்ரலில் நரம்பியல் மருத்துவர் ராபர்ட் கட்ஸ்மன் ஒரு மருத்துவ இதழில் தலையங்கம் எழுதினார். நடுவயதில் வரும் நினைவிழப்பை அல்சைமர் என்றும், முதிய வயதில் வருவதை வெறும் மூப்புத் தளர்ச்சி என்றும் பிரித்துவைத்திருந்த வழக்கத்துக்கு ஆதாரமில்லை, இரண்டும் ஒரே நோய்தான் என்பது அவருடைய வாதம். அதுவரை அபூர்வமாகக் கருதப்பட்ட அல்சைமர் அதன்பின் பெருநோய்களின் வரிசையில் வைத்து எண்ணப்பட்டது. ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஸ்பானிய வழிவந்த மக்களைப் பற்றிய புள்ளிவிவரங்களைத் தனியே திரட்ட வேண்டும் என்றது அது. மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா என வெவ்வேறு வரலாறு கொண்டவர்கள் ஒரே தலைப்பின்கீழ் வந்தார்கள். மறு ஆண்டே ‘ஹிஸ்பானிக்’ என்ற வகை அரசுப் படிவங்களில் ஏறியது.

முன்னது நோய்களை ஒன்றாகக் கட்டியது, பின்னது மக்களை. அடுத்த அரை நூற்றாண்டு ஆய்வின் போக்கை, இந்த இரண்டு மூட்டைகளும் மெல்ல மெல்ல அவிழ்க்கப்பட்ட கதையாகவே வாசிக்க முடியும் என்று கருதுகிறேன்.

தேசிய முதுமை நிறுவனம் 1974இல் உருவாயிற்று. பத்தாண்டு கழித்து, 1984இல், பல்கலைக்கழகங்களில் அல்சைமர் ஆய்வு மையங்களுக்கு அது நிதி வழங்கத் தொடங்கியது. அம்மையங்களுக்கு வந்தவர்கள் யார்? குடும்ப மருத்துவரிடமிருந்து நிபுணருக்குப் பரிந்துரைக்கப்படும் வசதியுள்ளவர்கள், காப்பீடு உள்ளவர்கள், ஆங்கிலம் பேசுபவர்கள். கலிபோர்னியாவின் பழத்தோட்டங்களில் முதுகொடிய வேலைசெய்து முதுமை அடைந்தவருக்கு அந்தப் படி ஏற வழியில்லை. அவர் வரவில்லை என்பதற்கு ‘அந்தச் சமூகத்துக்கு ஆய்வில் நம்பிக்கை இல்லை’ என்று விளக்கம் சொல்லப்பட்டது. யாரும் வந்து கேட்கவில்லை என்ற எளிய காரணம் கணக்கில் வர நாளாயிற்று. அரசு நிதி பெறும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களும் சிறுபான்மையினரும் இடம்பெற வேண்டும் என்ற சட்டம் 1993இல் வந்தது.

ஆளைக் கொண்டுவந்து உட்காரவைத்தாலும் அளக்கும் கருவி சரியாக இருக்க வேண்டுமே. 1975இல் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மக்ஹியூவும் உருவாக்கிய சிறு மனநிலைச் சோதனை உலகெங்கும் பரவியிருந்தது. மொத்தம் 30 மதிப்பெண். பத்து நிமிட வேலை. நூறிலிருந்து ஏழேழாகக் கழி, ஒரு சொல்லின் எழுத்துகளைத் தலைகீழாகச் சொல், ஒரு வாக்கியம் எழுது, ஐங்கோணம் வரை. இவை பள்ளிக்கூடத்தில் பழகுகிற காரியங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் ஹவியர் எஸ்கோபாரும் குழுவினரும் 1986இல் வெளியிட்ட ஆய்வு, இச்சோதனையின் பல கேள்விகளுக்கான விடைகள் படிப்பையும் மொழியையும் இனப் பின்னணியையும் பொறுத்து மாறுவதைக் காட்டியது. குறைந்த மதிப்பெண் பெற்ற எல்லோருடைய மூளையும் நோயுற்றிருக்கவில்லை. பலர் பள்ளி வாசலையே அதிகம் பார்த்ததில்லை. 1920களிலும் 30களிலும் டெக்சாஸில் பிறந்த மெக்சிகோ வழிக் குழந்தைகளுக்கென்று தனிப் பள்ளிகள் இருந்தன. பருத்தி பறிக்கும் பருவத்தில் அவர்களில் பலர் வகுப்பில் இருக்கமாட்டார்கள். அறுபது ஆண்டு கழித்து ஒரு மருத்துவமனை அறையில் அந்தப் பருத்திக்காடு அவர்களுடைய நோய்க்குறிப்பில் ஏறியது.

இதைச் சரிசெய்யும் முயற்சி பல திசைகளில் நடந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டான் மங்கஸ், ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒரே கடினத்தன்மை உடைய அளவுகோல்களை அமைத்தார். ஒரு சோதனையை எழுதி இன்னொரு மொழிக்கு மாற்றுவது இதில் இல்லை. ஒவ்வொரு வினாவும் இரு மொழியினருக்கும் எவ்வளவு கடினம் என்பதைப் புள்ளியியல் முறையில் எடைபோட்டு நிறுத்துவது. நியூயார்க்கில் ஜெனிஃபர் மான்லி, பள்ளியில் கழித்த ஆண்டுகளை எண்ணுவதைவிட எழுத்தறிவின் தரத்தை அளப்பதே மேல் என்று நிறுவினார்.

இதே சிக்கல் நம் பக்கத்திலும் இருந்தது. 1998இல் கொச்சியில் நடந்த பன்னாட்டு அல்சைமர் மாநாட்டில் ‘10/66’ ஆய்வுக்குழு உருவானது. டிமென்ஷியா என்னும் மறதிநோய் உள்ளவர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, அவர்களைப் பற்றிய ஆய்வு பத்து விழுக்காடுகூட இல்லை என்பதே அந்தப் பெயரின் பொருள். படிப்பறியாதவரையும் தவறாக நோயாளி ஆக்காத கண்டறிமுறையை அக்குழு கியூபா, டொமினிக்கக் குடியரசு, மெக்சிகோ போன்ற இடங்களிலும் சென்னை, வேலூரிலும் சோதித்துப் பார்த்தது. கரிபியத் தீவின் விவசாயியும் வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தாரும் ஒரே கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். அமெரிக்க மையங்கள் வெகுகாலம் வைத்திருந்த கருவிகளைவிட இது நேர்மையானது என்பது என் கணிப்பு.

இனி, எண்கள் பிறந்த இடத்துக்கு வருவோம். வட மன்ஹாட்டனின் வாஷிங்டன் ஹைட்ஸ், இன்வுட் பகுதிகளில் கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1980களின் இறுதியில் ஒரு நெடுங்கால ஆய்வைத் தொடங்கியது. ரிச்சர்ட் மாயூக்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். அங்கிருந்த ஹிஸ்பானிக் முதியோரில் பெரும்பாலோர் டொமினிக்கர். தம் நாட்டை ஆண்ட ட்ருஹியோவின் சர்வாதிகாரத்தில் வளர்ந்து பின்னர் புலம்பெயர்ந்தவர்கள். 1994இல் யாக்கோவ் ஸ்டெர்ன் இந்தப் பகுதியின் 593 பேரைத் தொடர்ந்து கவனித்து, எட்டாண்டுக்கும் குறைவாகப் படித்தவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு என்றார். இதே ஆய்விலிருந்து 1998இல் வந்த கட்டுரை கவனத்தை வேறொரு பக்கம் திருப்பியது. 1,079 பேரை ஆராய்ந்ததில், ஆபத்தான ‘ஏப்போஇ-4’ மரபணு வடிவம் இல்லாத ஹிஸ்பானிக்குகளுக்கும், அது இல்லாத வெள்ளையரைவிட அல்சைமர் வாய்ப்பு இரண்டு மடங்கு என்று தெரிந்தது. அப்படியென்றால் அந்த மரபணு வடிவம் அல்லாத வேறு ஏதோ இருக்கிறது. அந்த ‘வேறு ஏதோ’வைத் தேடுவதே அடுத்த இருபதாண்டின் வேலை ஆயிற்று.

ஆனால் இத்தகைய எண்கள்தான் வேகமாகப் பரவின. அமெரிக்க ஹிஸ்பானிக் முதியோருக்கு வெள்ளையரைவிட ஒன்றரை மடங்கு ஆபத்து என்ற வாக்கியத்தை இன்று எந்த விழிப்புணர்வுத் துண்டறிக்கையிலும் காணலாம். அது பொய்யில்லை. ஆனாலும் ஒரு நகரின் இரண்டு பேட்டைகளின் நிலவரம் ஒரு நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு மக்களின் இயல்பாகிவிடும் ஆபத்து அதில் உண்டு. 2001இல் கரிபிய ஹிஸ்பானிக் குடும்பங்களில் இளவயது அல்சைமருக்குக் காரணமான ஒரு மூதாதைத் திரிபு பிரீசெனிலின்-1 மரபணுவில் கண்டறியப்பட்டது. இது பெரும்பாலும் புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்தோரின் கதை. சான் டியேகோவில் வாழும் மெக்சிகரிடம் இதைத் தேடுவதில் பொருளில்லை.

மேற்குக் கரையில் வந்த மறுபக்கச் சான்றைப் பாருங்கள். மேரி ஹான் சாக்ரமென்டோப் பகுதியில் 1998, 99இல் 60 வயதைக் கடந்த 1,789 லத்தீனோக்களைச் சேர்த்தார். பெரும்பாலோர் மெக்சிகோ வழியினர். அங்கே டிமென்ஷியா பரவல் 4.8 விழுக்காடுதான், கிழக்குக் கரை எண்கள் சொன்ன அச்சத்துக்கு இது ஒத்துவரவில்லை. அவ்வாய்வின் கனத்த முடிவு வேறு: டிமென்ஷியாவில் சுமார் 43 விழுக்காடு நீரிழிவாலோ பக்கவாதத்தாலோ இரண்டும் சேர்ந்தோ விளைந்தது. வயிற்றையும் ரத்தநாளத்தையும் பார்க்காமல் மூளையை மட்டும் ஆராய்வது இவர்களிடம் பொருந்தாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. பாஸ்டனில் 1,500 புவேர்ட்டோ ரிக்கர்களைத் தொடர்ந்த ஆய்வும் இதே பக்கம் கவனம் செலுத்தியது.

மக்களைக் கட்டிய மூட்டை உண்மையாக அவிழ்ந்தது 2008இல் தொடங்கிய பெரிய ஆய்வில். பிராங்க்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ என நான்கு நகரங்களில் 16,415 பேர் பங்கேற்றார்கள். யார் எந்த நாட்டு வழியினர் என்பது தனித்தனியாகக் குறிக்கப்பட்டது. இதன் கிளையாய் ஹெக்டர் கொன்சாலெஸ் தலைமையில் 2016 முதல் 6,377 பேரை மீண்டும் சோதித்தார்கள். லேசான அறிவுத்திறன் குறைபாடு மொத்தத்தில் 9.8 விழுக்காடு. கியூபரைவிடப் புவேர்ட்டோ ரிக்கரிடம் அது அதிகம். ஏப்போஇ-4 வடிவம் டொமினிக்கரிடம் கூடுதல், மத்திய அமெரிக்கரிடம் குறைவு. ஆப்பிரிக்க, ஐரோப்பிய, பூர்வகுடி வம்சங்கள் ஒவ்வொரு நாட்டிலும் வேறு வேறு விகிதத்தில் கலந்திருப்பதால் இப்படி ஆவதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம், இதைத் தனித்தனியே எண்ணிப்பார்க்க முப்பதாண்டு ஆனதுதான்.

குடும்பப் பற்றைப் பற்றி இந்த ஆய்வுக் கட்டுரைகளில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஹிஸ்பானிக் குடும்பங்கள் பெரியவர்களை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதில்லை, ஆகவே தாமதமாக மருத்துவரிடம் வருகிறார்கள் என்பது வழக்கமான விளக்கம். இதில் எனக்கு முழு உடன்பாடில்லை. பண்பாட்டுப் புகழ்ச்சியின் மறைவில் சம்பளமின்றி மகள்கள் செய்யும் வேலை அரசுக்கு லாபமாகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் 1990களில் நடந்த ‘எல் போர்டல்’ திட்டம் இதைப் புரிந்துகொண்டது. ஸ்பானிய மொழியிலேயே ஆலோசனை, போக்குவரத்து, பகல்நேரக் கவனிப்பு எனத் தேவைப்பட்டதைத் தந்தது. ஸ்டான்ஃபோர்டில் டோலோரஸ் காலகர்-தாம்ப்சன் குழு, பராமரிப்போருக்காகப் படக்கதை நூல் ஒன்றை வெளியிட்டு, அது மனச்சோர்வைக் குறைப்பதைச் சோதித்துக் காட்டியது. ஆய்வகத்தின் உயரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இவை சில்லறை வேலைகளாகத் தோன்றலாம்.

மருந்து வந்தபோது பழைய கோளாறு வேறு உருவில் திரும்பியது. 2021இல் ஒப்புதல் பெற்ற அடுகனுமாப் மருந்தின் சோதனைகளில் ஹிஸ்பானிக்குகள் சுமார் மூன்று விழுக்காடு மட்டுமே. நீரிழிவும் ரத்தக்கொதிப்பும் உள்ளவர்களைக் கதவருகிலேயே திருப்பிவிடும் விதிகள் இருந்தால் யார்தான் மிஞ்சுவார்கள்! அடுத்து வந்த லெக்கனமாப் சோதனை பொதுவான உடல்நோய்கள் உள்ளவர்களையும் ஏற்றது. அமெரிக்கப் பங்கேற்பாளர்களில் 22 விழுக்காட்டினர் ஹிஸ்பானிக்குகள். ஆயினும் இம்மருந்துகள் குறிவைக்கும் அமிலாய்டு புரதப் படிவு மூளையில் குறைவாக இருப்பதால் தகுதியிழப்பவர்கள் இம்மக்களில் அதிகம் என்பதைப் பிற சோதனைகள் காட்டியுள்ளன. அதாவது, அவர்களிடம் உள்ள நினைவிழப்பில் ஒரு பங்கு 1976இல் எல்லாவற்றுக்கும் சூட்டப்பட்ட அந்தப் பெயருக்குள் அடங்கவில்லை.

இப்போது விவாதம் ரத்தப் பரிசோதனைக்கு வந்திருக்கிறது. ஃபோர்ட் வொர்த்தில் சிட் ஓ’பிரையன்ட் 2017இல் தொடங்கிய ஆய்வு மெக்சிகோ வழியினரையும் வெள்ளையரையும் ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்தது; பிறகு கறுப்பினத்தவரும் சேர்ந்தனர். அங்கே ஆராயப்படுவனவற்றில் அல்சைமரின் அடையாளமாக ரத்தத்தில் தேடப்படும் டௌ புரதமும் ஒன்று. நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தால் இப்புரதத்தின் அளவு உயர்கிறது என்பது 2022க்குள் தெரிந்துவிட்டது. நீரிழிவு மிகுந்த மக்களில் சிறுநீரகக் கோளாறும் மிகுதி. பெரும்பாலும் வெள்ளையரை வைத்து வகுத்த எல்லைக்கோட்டை அப்படியே வைத்தால் தெற்கு டெக்சாஸின் முதியவருக்கு இல்லாத அல்சைமர் இருப்பதாக முடிவு வரும். அல்லது உள்ளது தப்பிவிடும். அதே தெற்கு டெக்சாஸில் சான் அன்டோனியோவும் ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கும் சேர்ந்த ஆய்வு மையத்துக்குத் தேசிய முதுமை நிறுவனம் 2021இல் அங்கீகாரம் அளித்தது. அம்மையத்தின் தலைவர்களில் ஒருவரான கிளாடிஸ் மாஸ்த்ரே, அதற்கு முன் வெனிசுவேலாவின் மரக்காய்போவில் முதியோரை வீடுவீடாய்ச் சென்று கவனித்த ஆய்வை நடத்தியவர்.