கவிஞனின் வெற்றி எது?

கவிஞராக வெற்றி பெறுவதற்கு என்ன வழி என்று என் மாணவி ஒருத்தி அண்மையில் கேட்டாள். குருவிட்டப் பகுதியின் இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்திலிருந்து பள்ளிக்கு வருபவள் அவள். புகழும் பரிசுமே வெற்றியென்றால் விடை எளிது. ஆனால், மலையக இலக்கிய வரலாறு வேறொரு விடையைத் தருகின்றது. அதனை ஸி. வி. வேலுப்பிள்ளையின் வாழ்வில் காணலாம்.

1914 இல் வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த ஸி. வி., ஆங்கிலக் கல்வி பெற்று அம்மொழியிலேயே கவிதை எழுதினார். 1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் புகுந்தார். தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் அக்கட்சிக்கு 7 ஆசனங்களை அளித்தன. இடதுசாரிகளின் வெற்றிக்கும் துணைநின்றன. ஆளும் வர்க்கம் அஞ்சியது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தம் அவர்தம் வாக்குரிமையையும் பறித்தது. தம்மைத் தேர்ந்தெடுத்த மக்களின் வாய் அடைக்கப்பட்ட அந்தக் காலத்திலேதான், 1950களில், தோட்ட வாழ்வைப் பாடும் ஆங்கில நெடுங்கவிதையை ஸி. வி. நூலாக வெளியிட்டார்.

எனினும் ஒரு முரண்பாட்டை நாம் மறைப்பதற்கில்லை. எவரைப் பற்றி அக்கவிதை பேசிற்றோ, அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதனைப் படிக்க இயலாதிருந்தனர். சக்தி பாலையாவின் மொழியாக்கமான 'தேயிலைத் தோட்டத்திலே' 1969 இல் நூலுருப் பெற்ற பின்னரே அது தமிழ் வாசகரிடையே பரவலாயிற்று.

ஆங்கிலம் கற்றோரின் பாராட்டோடு ஸி. வி. நின்றுவிடவில்லை. தொழிற்சங்கத்திலே உழைத்தார், 'மாவலி' இதழுக்கு ஆசிரியராயிருந்தார், தமிழிலே நாவல்கள் எழுதினார். தோட்டங்களிலே வாய்மொழியாக வழங்கிய பாடல்களைத் திரட்டி, 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' எனும் நூலாக 1983 இல் தந்தார். கொழுந்து பறித்த கைகளுக்குரியோரே பாட்டும் புனைந்தனர் என்பதற்கு அந்நூல் சான்று. 1984 இல் அவர் மறைந்தார். எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் நிறைவேறியது. அரசு அங்கீகரிக்க மறுத்த மக்களைக் கவிதை அதற்கு எத்துணையோ காலத்துக்கு முன்னரே அங்கீகரித்துவிட்டது.

மாணவியிடம் நான் சொன்னது இதுவே: "உன் பாட்டி பாடுவதை முதலில் எழுதிக்கொள், பாடியவர் பெயரையும் தவறாது எழுது. பின்னர் உன் கவிதையை அவருக்குப் படித்துக் காட்டு. 'இது நம்ம கதை' என்று அவர் சொல்வாராயின், நீ வென்றுவிட்டாய்."