மூச்சும் மூளையும்

கொள்ளுப்பிட்டிக் கடற்கரையில் நிற்போருக்குத் துறைமுகம் நோக்கும் கப்பல்கள் தென்படும். 1918 ஆம் ஆண்டில் கொழும்புத் துறைமுகம் வழியாகவும் தலைமன்னார் வழியாகவும் இன்புளுவென்சாக் காய்ச்சல் இலங்கைக்குள் புகுந்தது. மாண்டோர் பல்லாயிரவர். அந்நோயின் களம் நுரையீரலே. ஆயினும் 1917 இலேயே வியன்னாவில் பொன் எக்கொனொமோ என்னும் வைத்தியர், மூளையில் அழற்சி கண்டு மக்கள் ஓயாது துயிலும் புதுநோயொன்றை விவரித்திருந்தார். பிழைத்தோர் சிலருக்கு மூச்சின் ஒழுங்கே குலைந்தது. இரண்டும் ஒரே வேரின என்பார் உளர். சான்று போதாமையால் யான் அதனை ஏற்கத் தயங்குகிறேன்.

2020 இல் பரவிய கொரோனா அவ்வினாவை மீண்டும் எழுப்பிற்று. இரத்தத்தில் ஒட்சிசன் அபாயகரமாகக் குறைந்திருந்தும் நோயாளர் சிலர் திணறலின்றி உரையாடிக்கொண்டிருந்தனர்! மூச்சை ஆள்வது மூளையின் அடியிலுள்ள முகுளம். அதனை முதன்மையாகத் தூண்டுவது, பெருகும் காபனீரொட்சைட்டே. ஒட்சிசன் குறைவதை அறிவிப்பது கழுத்து நாடியருகே உள்ள மிகச் சிறிய உறுப்பு. காபனீரொட்சைட்டு பெருகாதவிடத்து அவ்வெச்சரிக்கை மந்தமாகிவிடும். வைரசு அவ்வுறுப்பையோ முகுளத்தையோ தாக்கியிருக்கலாம் என்று கருதினோரும் உண்டு. இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்தபோது அழற்சி பலவற்றிற் காணப்பட்டது. வைரசோ சிறிதளவே, அதுவும் சிலவற்றில் மட்டுமே. விரலிற் செருகும் சிறு கருவியொன்றே, அமைதியாய் அமர்ந்திருந்தவரின் ஆபத்தை வீட்டாருக்குக் காட்டிற்று.