கொடுமுடிக் குரல்

கே.பி. சுந்தராம்பாளை நான் முதலில் கேட்டது கூம்பு ஸ்பீக்கரில். தைப்பூசத்தன்று விடியற்காலை நாலு மணிக்கே கோயிலில் பாட்டுப் போட்டுவிடுவார்கள். "இந்தப் பாட்டி ஏன் இப்படிக் கத்துது?" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். இருபது வருஷம் கழித்து, ஹெட்போனில், அதே குரல் என்னை அசையாமல் உட்கார வைத்தது.

அந்தக் குரலில் அப்படி என்னதான் இருக்கு? பெரியவர்களிடம் கேட்டால் ஒரே பதில்தான்: "புருஷனைப் பறிகொடுத்த துக்கம்பா அது."

கதை தெரிந்ததுதான். மேடையில் சேர்ந்து நடித்த செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவை அவர் மணந்தார். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25. அதன்பின் வெள்ளைச் சேலை. எந்த நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதி. 1935இல் வந்த 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம், நந்தனாரே அவர்தான். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத தொகை.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. துக்கத்துக்கு யாராவது லட்ச ரூபாய் கொடுப்பார்களா? 1908இல் கொடுமுடியில் பிறந்து, வறுமையில் ரயிலில் பாடித் திரிந்து, சிறுமியாகவே நாடகக் கம்பெனிக்குப் போனவர் அவர். கிட்டப்பாவைச் சந்திக்கும் முன்பே பெயர் பெற்ற நடிகை. அந்தக் குரல் மேடையில் வளர்ந்தது.

அது எப்படிப்பட்ட மேடை? மைக் கிடையாது. ஹார்மோனியமும் மிருதங்கமும் ஒலிக்க, அவற்றைத் தாண்டிக் கடைசி வரிசைக்குச் சொல் போய்ச் சேரணும். அதுவும் விடிய விடிய. வெறும் மூச்சைத் தள்ளிக் கத்தினால் தொண்டை கட்டிக்கொள்ளும். குரல்நாண்கள் அழுத்தமாக மூடித் திறந்தால், அடிப்படைச் சுரத்தோடு அதன் மேல் அதிர்வுகளும் வலுப்பெறும். நம் காதுக்குக் கூர்மை அதிகம் உள்ள பகுதி சுமார் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ். ஐரோப்பிய ஓபரா பாடகர்களின் குரலில் 3000 ஹெர்ட்ஸ் அருகே ஆற்றல் குவிவதை ஸ்வீடன் ஆய்வாளர் யோஹன் சுண்ட்பெரி விளக்கினார். மைக் இல்லாமல் வாத்தியக் கூட்டத்தை மீறிக் கேட்பதற்கான வழி அது. நம் நாடகக் கொட்டகையிலும் தேவை அதேதான். "கணீர்" என்று நாம் சொல்வதில் அந்த மேல் அதிர்வுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

கூம்பு ஸ்பீக்கரோ கீழ் ஒலிகளைப் பெரும்பாலும் தின்றுவிடும். எனக்கு அன்று கிடைத்தது குரலின் மேல்பாதி மட்டுமே; அடியில் இருந்த கனம் ஹெட்போனில்தான் வந்து சேர்ந்தது.

1965இல் 'திருவிளையாடல்' படம் வந்தபோது அவருக்கு 56 வயது. உச்சத்துக்குப் போகும்போது பல குரல்கள் மெலிந்து கீச்சிடும். இவருடையது அகலம் குறையாமல் ஏறுகிறது. பிருகாக்கள் உருண்டு வந்து ஒரு சுரத்தில் சட்டென்று நிற்கின்றன. வல்லினம் வல்லினமாகவே விழுகிறது, ழகரம் கரைவதில்லை. அதற்குள் சினிமாவில் ஏ.எம். ராஜா போன்றவர்கள் மைக்கின் அருகில் நின்று காதோடு பேசுவதுபோலப் பாடிக் காட்டியிருந்தார்கள். சுந்தராம்பாள் மைக் முன்னாலும் கடைசி வரிசைக்கே பாடினார்.

இன்னொன்றையும் கவனிக்கணும். அந்தப் படத்தில் அவர் ஔவையார். கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனிடம் உரிமையோடு வாதாடுகிறார். அங்கே ஒலிப்பது அழுகை இல்லை, அதிகாரம். 'பூம்புகார்' கவுந்தியடிகளும் அப்படித்தான்.

துக்கமே இல்லை என்று நான் சொல்லவில்லை, இருந்திருக்கும். ஆனால் ஆண் பாடினால் வித்வத், பெண் பாடினால் வேதனை என்று கணக்குத் தீர்ப்பதில் ஒரு திருட்டு இருக்கிறது. அவர் வருஷக்கணக்கில் உழைத்துச் சேர்த்ததை அவர் விதியின் பெயரில் எழுதிவைத்துவிடுகிறோம்.

இந்தத் தைப்பூசத்துக்கும் நாலு மணிக்குப் பாட்டுப் போட்டார்கள். எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவைத்தேன். தெருக்கோடியிலிருந்து ஒரு எழுத்துகூடச் சிதறாமல் வந்தது.